பெயரில் நிற்கும் மருதம்

குளிர்நாட்டுப் பூங்காக்களுக்கு அழகு செய்யும் மரங்களுள் பூர்ச்சம் ஒன்று. அதன் வெண்பட்டை தாள்போல் உரியும். இலையுதிர் காலத்தில் இலைகள் பொன்னிறம் எய்தும். இமயச் சாரலில் வாழ்ந்த பண்டையோர் அப்பட்டையையே ஏடாகக் கொண்டனர். 1881ஆம் ஆண்டில் பக்சாலி என்னும் ஊரருகே கிடைத்த பழைய கணித நூல் அத்தகைய ஏடுகளில் எழுதப்பட்டதேயாம்.

நெடுங்குளிரை வேண்டும் அம்மரம் ஈழத்தின் கீழ்க்கரை வெயிலில் தழையாது. எனினும், பட்டையழகும் இலைவண்ணமும் இக்கரைக்குப் புதியன அல்ல. கல்முனைக்கு வடக்கே மருதமுனை, தெற்கே சாய்ந்தமருது. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் இவ்விரண்டு ஊர்களும் மருத மரத்தைத் தம் பெயரிலேயே தாங்கியுள்ளன.

மருதின் பட்டை வழவழப்பானது. வெளிறிய சாம்பல் நிறத்தது. மெல்லிய தகடுகளாக உரிவது. அதனைச் சுட்ட சாம்பலில் சுண்ணம் மிகுதலின், வெற்றிலையுடன் உண்ணப் பயன்பட்டது. 1859இல் வெளிவந்த எமர்சன் தெனன்றின் இலங்கை நூலும் இதனைக் குறிக்கின்றது. இலைச் செம்மையை விரும்புவோர்க்கு மருதின் இனத்ததாகிய நாட்டு வாதுமை உண்டு. உதிருமுன் அதன் இலைகள் செந்நிறம் கொள்ளும்.

மருதம் ஆற்றோரத்தும் குளக்கரையிலும் வளர்வது. ஆகவே இப்பெயர்கள் மரத்தை மட்டுமன்றி நன்னீரையும் சுட்டுகின்றன எனலாம். பழந்தமிழர் வயல்நிலத்துக்கு மருதம் என்றும், கடற்கரைக்கு நெய்தல் என்றும் பெயரிட்டனர். கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலும் அமைந்த இவ்வூர்களில் அவ்விரண்டு திணைகளும் கைகோத்து நிற்கின்றன. கல்வெட்டு உரைக்காத செய்தியை ஊர்ப்பெயர் உரைக்கின்றது.

2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடல்கோள் இக்கரையில் எண்ணற்ற உயிர்களையும் மனைகளையும் கவர்ந்தது. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, அடையாளங்கள் பல மறைந்தன. ஊர்ப்பெயரைக் கடல் கவரவில்லை. ஆயினும், அப்பெயரை நாடோறும் எழுதும் மாணவன் அம்மரத்தைக் கண்டறியானாயின், பெயர் வெற்றொலியாய்விடும்.

மருதின் கனி ஐந்து சிறகுகளை உடையது. ஈர நிலத்தில் எளிதில் முளைப்பது. பள்ளி வளவின் நீர்ப்பாங்கான மூலையில் ஒரு கன்று நடுதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நட்டோர் அதன் முழு நிழலைக் காணாமற் போகலாம், பேரப்பிள்ளைகள் காண்பர். முன்னோர் பெயராக விட்டுச்சென்றதை மீண்டும் மரமாக நிறுத்துதல் பின்னோர் கடனாகும்.