கங்கண கிரகணமும் கண்ணின் மஞ்சள் புள்ளியும்

2019 டிசம்பர் 26 காலை 9.30 மணியளவில் நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதையில் திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி ஆகிய நகரங்களோடு சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பையும் அமைந்திருந்தது. இவ்வகைக் கிரகணத்தில் சந்திரன் சூரியனை முழுமையாக மறைப்பதில்லை. வளையல் போன்ற ஒளி விளிம்பு எஞ்சி நிற்கும். எனவே இதன் எந்தக் கணத்திலும் வெறுங்கண்ணால் பார்ப்பது பாதுகாப்பன்று.

விழித்திரையின் நடுவே மஞ்சள் புள்ளி உள்ளது. அதன் மையத்தில் சுமார் 1.5 மி.மீ. அகலமுள்ள மையக்குழியில் கூம்புச் செல்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் இதனால்தான். விழித்திரையின் ஓரத்தில் ஏற்படும் சிறு பழுது பெரும்பாலும் உணரப்படுவதில்லை. அதே அளவுப் பழுது மையக்குழியில் ஏற்பட்டால், சுற்றுப்புறம் தெரியும். ஆனால் உற்று நோக்கும் எழுத்து மறையும், நேர்கோடு வளைந்து தோன்றும்.

சூரியனை நேரே பார்க்கும்போது அதன் பிம்பம் மையக்குழியிலேயே விழுகிறது. அங்கு ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் ஒளிவேதி வினையால் நேர்வது; நீல ஒளிக்கு இதில் முக்கியப் பங்குண்டு. விழித்திரை வலியை உணராததால் எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. பார்வைக் குறை சில மணி நேரத்துக்குப் பின்னரே தெரியவரும்.

1999 ஆகஸ்ட் 11 கிரகணத்துக்குப் பின் இங்கிலாந்தின் லெஸ்டர் மருத்துவமனைக்கு 45 பேர் வந்தனர். அவர்களில் 5 பேரின் விழித்திரையில் மாற்றம் காணப்பட்டது. 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தைப் பார்த்த நியூயார்க் பெண் ஒருவரின் விழித்திரையைப் படமெடுத்தபோது, பழுது பிறை வடிவிலேயே பதிந்திருந்தது. அவர் பார்த்த சூரியனின் வடிவமும் அதுவே.

இதற்கு உறுதியான மருத்துவம் இல்லை. பலருக்குச் சில மாதங்களில் பார்வை மீள்கிறது. சிலருக்கு நடுவில் ஒரு சிறு கறை நிலைத்துவிடுகிறது. புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், குளிர்கண்ணாடி ஆகியவை பாதுகாப்புத் தருவதில்லை. அட்டையில் ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, தரையில் விழும் பிம்பத்தைக் காண்பதே எளிய வழி. மரத்தடியில் இலை இடுக்குகளும் இதே பிம்பத்தைத் தரும்.

2031 மே 21 அன்று கங்கண கிரகணம் மதுரை, காரைக்குடி வழியே மீண்டும் செல்லவிருக்கிறது. அன்று பள்ளியில் படிக்கவிருக்கும் பிள்ளைகளுக்கு ஊசித்துளை அட்டையை இப்போதே செய்யக் கற்றுக்கொடுக்கலாம்.