பல்லாவரத்துக் கல்குட்டை யாருடையது?

எங்கள் பல்லாவரத்தில் பழைய குவாரிக் குட்டையைக் காட்டிக் கேட்டால், ஆளுக்கொரு குத்தகைதாரர் பெயர் சொல்வார்கள். எனக்கு வருவாய்த்துறையின் அ-பதிவேடுதான் சாட்சி. சர்வே எண்ணுக்கு எதிரே 'புறம்போக்கு' என்றிருந்தால் நிலம் அரசுடையது. குத்தகைக்காரருக்கு இருந்தது குறித்த காலத்துக்குக் கல்லெடுக்கும் உரிமை மட்டுமே. பாறை முகத்தில் வெடிமருந்துக்குத் துளைத்த குழிகளின் பாதித் தடம் இன்னும் வரிவரியாய்த் தெரிகிறது.

இந்தப் பாறையின் நீலச்சாயல் கல் சாமானியமானதல்ல. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகையும் இதே வகைதான். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். அதற்கு 30 ஆண்டு முன்பு, 1863-இல், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்துச் சரளைக் குழியில்தான்.

உங்கள் ஊர்க் குட்டையைத் தேடுவதானால் சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். பட்டா நிலமென்றால் வில்லங்கச் சான்று. புறம்போக்கென்றால் கனிமவள அலுவலகக் கோப்பு.