மார்க் ட்வெயின் கேட்ட மன்னிப்பு

பத்திரிகைக்காரர் ஒருவர் தவறிழைத்துவிட்டால், அதைத் திருத்துவதற்கும் அவர் கையிலே ஒரு பத்திரிகை இருக்கிறது. மற்றவர்களுக்கு இல்லாத வசதி இது. அந்த வசதியே மன்னிப்புக் கேட்பதை எத்துணை கடினமாக்கிவிடுகிறது என்பதற்கு, 1864 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நெவாடாப் பிரதேசத்தில் மூண்ட சண்டையொன்று நல்ல சான்று.

சண்டையின் நாயகர் மார்க் ட்வெயின். டொம் சோயரும் ஹக்கில்பெரி ஃபின்னும் அப்போது பிறக்கவில்லை. சாமுவெல் கிளெமென்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட 28 வயது இளைஞர், வெள்ளிச் சுரங்க நகரமான வேர்ஜினியா சிட்டியிலே ‘டெரிட்டோரியல் என்டர்பிரைஸ்’ என்னும் நாளிதழில் எழுதிக்கொண்டிருந்தார். புனைபெயரைச் சூடி ஓராண்டுக்குச் சற்று மேல். பத்திராதிபர் வெளியூர் போயிருந்தபடியால் ஆசிரிய பீடமும் சில நாட்கள் இவர் வசமாயிற்று. ஆபத்தான ஏற்பாடுதான்.

உள்நாட்டுப் போர் நான்காவது ஆண்டிற் காலடி வைத்திருந்த வேளை. காயமுற்ற வடபகுதிப் போர்வீரரைப் பராமரிக்கும் சுகாதார ஆணைக்குழுவுக்காக நாடெங்கும் நிதி திரட்டினார்கள். நெவாடாவின் ஒஸ்டின் நகரிலே கிறிட்லி என்ற கடைக்காரர், தேர்தற் பந்தயமொன்றில் தோற்று, 50 இறாத்தல் மா மூடையொன்றைத் தோளிற் சுமந்து தெருவழியே நடந்தார். அந்த மூடை நிதிக்காக ஏலம் விடப்பட்டது. வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்தார், மறுபடியும் ஏலம். இப்படியே அது ஊரூராகப் பயணம் செய்தது. வேர்ஜினியா சிட்டிக்கு வந்தபோது, என்டர்பிரைஸ் பத்திரிகையும் அதன் போட்டிப் பத்திரிகையான ‘யூனியன்’ இதழும் ஒன்றையொன்று விஞ்சி விலை கூறின. கொடைக்குள்ளே பொறாமை புகுந்தது அப்படித்தான். யூனியன்காரர் வாக்களித்த பணத்தைக் கட்டவில்லை என்று ட்வெயின் எழுதினார். யூனியனோ அவரைப் பொய்யன் என்றும் கோழை என்றும் திட்டியது.

இதே நாட்களில் வேறொரு துணுக்கும் என்டர்பிரைஸில் வெளிவந்தது. அண்டை ஊரான கார்சன் சிட்டிப் பெண்மணிகள் அந்த நிதிக்காக நடனவிழா ஒன்றை நடத்தியிருந்தனர். அதிற் சேர்ந்த பணம் கிழக்கே எங்கேயோ இருக்கும் ‘இனக்கலப்புச் சங்கம்’ ஒன்றுக்குப் போகப்போவதாக வதந்தி என்று எழுதிவிட்டு, இது புரளிதான், ஆனால் முழுப்புரளி அல்ல என்று ஒரு வாலையும் ஒட்டியிருந்தார் ட்வெயின். கறுப்பரும் வெள்ளையரும் மணஞ்செய்வதை ஆதரிக்கும் சங்கம் என்பது பொருள். அவ்வூர் வெள்ளையருக்கு இதைவிடப் பெரிய அவதூறு இருக்கமுடியாது. இந்தப் பொருளைக் குறித்த ஆங்கிலச் சொல்லே சில மாதங்களுக்கு முன்புதான் பிறந்திருந்தது. 1863 இன் கடைசியில் நியூயோர்க்கில் பெயரில்லாமல் வெளிவந்த பிரசுரமொன்று அதைப் புனைந்தது. அடிமையொழிப்பை ஆதரிப்பவர் எழுதியது போலக் காட்டி, லிங்கனின் கட்சியை மாட்டிவிட இரண்டு பத்திரிகையாளர் செய்த வேலை அது.

விழா நடத்திய நான்கு பெண்மணிகள் கையொப்பமிட்டு என்டர்பிரைஸுக்குக் கடிதம் அனுப்பினர். எழுதப்பட்டது முழுப்பொய், கெட்ட நோக்கத்துடன் சொல்லப்பட்டது என்றனர். எழுதியவர் யாரெனவும் கேட்டனர். பதிலில்லை, கடிதமும் அச்சேறவில்லை. பின்னர் அவர்கள் அதே கடிதத்தைக் கட்டண விளம்பரமாக யூனியனிலே வெளியிட்டார்கள்.

இனித்தான் கவனிக்கவேண்டிய இடம் வருகிறது. மே 20 முதல் 24 வரை, ஐந்து நாட்களுக்குள், ட்வெயின் இந்த ஒரே விடயத்தை மூன்று விதமாகச் சொல்கிறார்.

முதலாவது, கார்சன் சிட்டியில் வசித்த தமது அண்ணன் மனைவி மொலிக்கு எழுதிய கடிதம். அதை எழுதியபோது தாம் மது மயக்கத்தில் இருந்ததாக அதில் ஒப்புக்கொள்கிறார். சக எழுத்தாளரிடம் காட்டினாராம், அவர் வேண்டாமென்றாராம், தாளை மேசையிற் போட்டுவிட்டு நாடகம் பார்க்கப் போனாராம், அச்சுக்கூடத்து மேற்பார்வையாளர் அதைக் கண்டெடுத்துக் கோத்துவிட்டாராம். ஆனால் இதையெல்லாம் பகிரங்கமாகச் சொல்வதைவிடச் செத்துப்போவேன் என்கிறார்.

இரண்டாவது, மே 23 இல், விழாக்குழுத் தலைவியான திருமதி கட்லருக்கு எழுதியது. அதிலே ‘என் தவறு’ என்ற சொல் இருக்கிறது. வேண்டுமென்று தீங்கு செய்யவில்லை என்ற வேண்டுதலும் இருக்கிறது. கூடவே வியப்பான ஒரு வாக்குமூலம்: உங்கள் கடிதம் தக்க முறையில் எழுதப்பட்டிருந்தால் உடனே மன்னிப்பைப் பிரசுரித்திருப்பேன், ஆனால் அது யூனியன் உரிமையாளருடன் நான் பொருதிக்கொண்டிருந்த சமயத்தில் வந்தது, அப்படிப்பட்ட வேளையில் எவரிடமும் பகிரங்க மன்னிப்புக் கேட்க இயலாது, இப்போதுகூட அது நல்ல உபாயம் அல்ல என்கிறார். எதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காக, இடையில் நின்ற பெண்களுக்குரிய நியாயம் தள்ளிவைக்கப்பட்டது. பத்திரிகைச் சண்டைகளின் உட்கூறு முழுவதும் இந்த ஒரு கடிதத்திலே கிடைக்கிறது என்பேன்.

மூன்றாவது, மறுநாள் என்டர்பிரைஸில் அச்சானது. வதந்தியை வெளியிட்டோம், புரளி என்றும் சொன்னோம், அது புரளிதான், ஆகவே நாம் சொன்னது முற்றிலும் சரி, எனினும் பெண்மணிகள் நால்வர் மனம் புண்பட்டுள்ளனர். இப்படித் தொடங்குகிறது. தமிழாசிரியர் பழக்கத்தில் நான் இங்கே இலக்கணம் பார்க்கிறேன். கடிதத்தில் தன்மை ஒருமையில் நின்ற ‘என் தவறு’, அச்சிலே தன்மைப் பன்மையாகி, பத்திரிகை என்ற திரைக்குப் பின்னே போய்விட்டது. ‘எனினும்’ என்ற இடைச்சொல்லோ குற்றத்தை எழுதியவரிடமிருந்து எடுத்து, கோபித்தவர்களின் மனத்திலே வைத்துவிடுகிறது. நடந்த கதையைச் சொன்னால் பிறர் சிரிப்பர், ஆகையால் மறைக்கிறோம் என்று நகைச்சுவை வேறு. கடிதத்துக்குப் பதிலிடாத மரியாதைக் குறைவுக்குத் தெளிவாகவே மன்னிப்புக் கேட்கிறார். சிறிய குற்றத்தை ஒப்புக்கொள்வது எளிது. ஆயினும் இதை வெறும் பாசாங்கு என்று தள்ள எனக்கு மனமில்லை. தேவையேயில்லாத இடத்திலும் தவறுக்குள் விழுந்துவிடுவது எமது இயல்பு என்று அதன் முடிவில் எழுதுகிறாரே, அது உபாயம் தெரிந்தவர் எழுதும் வரியல்ல.

அதே நாளிலேதான் யூனியன் உரிமையாளர் லெயர்டுடன் நடந்த கடிதப் போக்குவரத்தையும் வெளியிட்டு, அவரைப் பொய்யர், கோழை என்று முழங்கினார். துப்பாக்கிச் சமருக்கு அறைகூவல் போய்வந்தது. அப்படி அறைகூவுவதே நெவாடாச் சட்டப்படி குற்றம். திருமதி கட்லரின் கணவரும் கணக்குத் தீர்க்கக் கிளம்பினார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. மே 29 இல் ட்வெயின் குதிரை வண்டியேறி சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்.

1872 இல் இந்தச் சமரை அவர் ஒரு வேடிக்கைக் கட்டுரையாக்கினார். நண்பர் ஒரு சிறு குருவியின் தலையைச் சுட்டு வீழ்த்த, அதை ட்வெயினின் குறியென்று எண்ணி எதிர்த்தரப்பு ஓடிற்றாம். அருமையான கதை. கார்சன் சிட்டிப் பெண்மணிகளுக்குத்தான் அதில் இடமில்லை.

இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. எவருடைய இரத்தத்தோடு கலப்பது என்பதே அந்தத் துணுக்கில் வசைச்சொல்லாக நின்றதோ, அந்தக் கறுப்பின மக்களிடம் வருந்தவேண்டும் என்ற நினைப்பு ட்வெயினுக்கோ, யூனியனுக்கோ, பெண்மணிகளுக்கோ அன்று எழவில்லை. 21 ஆண்டுகள் கழித்து, 1885 டிசம்பர் 24 இல், யேல் பல்கலைக்கழகச் சட்டபீடாதிபதிக்கு ட்வெயின் ஒரு கடிதம் எழுதினார். வோர்னர் மக்கின் என்ற கறுப்பின மாணவரின் உணவுச் செலவைத் தாம் ஏற்பதாகச் சொன்ன அக்கடிதத்தில், அவர்களுடைய மனிதத்தன்மையை அரைத்து நசுக்கியவர்கள் நாம், வெட்கம் எமக்கே உரியது, விலையையும் நாமே கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். இங்கேயும் தன்மைப் பன்மைதான். ஆனால் இம்முறை எழுதியவர் அதற்குள் நிற்கிறார். மக்கின் 1887 இல் பட்டம்பெற்று, பால்டிமோரில் சட்டத்தரணியாகி, நகரசபை உறுப்பினராகவும் இருந்தார். ட்வெயின் 1910 இல் மறைந்தார். அந்தக் கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது 1985 இல்.