பெயர் நீக்கப்பட்ட ஆசான்

திரைப்பட வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு சோவியத் படத்தை இங்கு நோக்குவோம். செர்கேய் மிகயேலியன் இயக்கத்தில் லென்பிலிம் நிறுவனம் 1972இல் தயாரித்த ‘கிராண்ட்மாஸ்டர்’, சிறுவயதிலேயே சதுரங்கத்தில் பெருந்திறன் காட்டிய ஒருவனின் வளர்ச்சியைச் சித்திரிப்பது. அவனுடைய பயிற்றுநராக நடித்தவர் புகழ்பெற்ற ஆட்டக்காரரான விக்டர் கொர்ச்னோய்.

கொர்ச்னோயும் லெனின்கிராட் இளம் முன்னோடியர் மாளிகையில் பயின்று உயர்ந்தவரே. சதுரங்கத்தை எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கிய அச்சமுதாயத்தின் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், 1976இல் அவர் நெதர்லாந்தில் புகலிடம் கோரியதும் படம் திரையரங்குகளிலிருந்து அகற்றப்பட்டது. 1978 உலகப் போட்டியின்போது சோவியத் ஏடுகள் அவரைப் பெயர் சுட்டாது ‘போட்டியாளர்’ என்றே பெரிதும் குறிப்பிட்டன. உருவாக்கிய அரசே பெயரையும் நீக்க முற்பட்டமை கசப்பான முரணாகும்.

பதுளையிலிருந்து நோக்கும் நமக்கு, அரசு பெயர்களை நீக்குவது புதிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், ஊவாத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தோரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. கொர்ச்னோய்க்கு முதலில் ஆசானும் மாளிகையும் கிட்டின. பின்னரே பெயர் நீக்கப்பட்டது. நம் லயன் அறைப் பிள்ளைகளுக்கோ, திறமை வெளிப்படுமுன்பே பெயர் நீக்கப்பட்டது. அகற்றிய படத்தை மீண்டும் திரையிடலாம். இழந்த தலைமுறைகளின் இளமையை எச்சட்டமும் மீட்டுத் தராது.