இடுப்புக் கிண்ண எலும்பு முறிவு: முதியோர் சிகிச்சை வரலாறு

தொடை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தி நிற்கும் இடுப்பெலும்புக் குழி உடைவதே இடுப்புக் கிண்ண முறிவு. முதியோரிடம் தொடை எலும்பின் கழுத்து ஒடிவதுதான் மிகுதி. கிண்ணம் உடைவது அதைவிட அரிது. பழைய மருத்துவக் குறிப்புகள் இரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணியதால், இதன் தொடக்க வரலாறு தெளிவாக இல்லை.

இளைஞருக்கு வாகன மோதலில் முழங்கால் இடிபட்டுக் கிண்ணத்தின் பின்சுவர் பெயரும். முதியவருக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. பொடக்காலியின் பாசியிலோ வாசற்படியிலோ பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாலே போதும். அடி தொடையின் மேல்முனை வழியே ஏறி, மெலிந்த எலும்பின் முன்பகுதியையும் உட்சுவரையும் நொறுக்க, தொடைத்தலை உள்நோக்கி அமிழும்.

கொங்கு வட்டாரத்தில் எலும்பு முறிவுக்கு முதலில் நாடப்பட்டது நாட்டுக் கட்டு. கோபிசெட்டிபாளையம் பக்கத்துச் சிங்கிரிபாளையமும் ஆந்திரத்தின் புத்தூரும் இதற்குப் பேர்போனவை. பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் பத்தை ஆகியவை கை கால் முறிவுகளுக்கு ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் தசைக்கு அடியில் ஆழப் புதைந்த கிண்ணத்தைப் பத்தை பிடிக்காது. கட்டுப் போட்டதால் கூடியதா, மாதக்கணக்கில் அசையாமல் கிடந்ததால் கூடியதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஐரோப்பாவில் 1788இல் காலிசன் இம்முறிவைக் குறிப்பிட்டதாகச் சொல்வர். அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் சிகிச்சை பெரிதாக மாறவில்லை. காலில் எடை தொங்கவிட்டு, பின்னாளில் எலும்பில் கம்பியும் செருகி, கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். முதியோருக்கு முறிவைவிட இந்தப் படுக்கையே பல நேரம் ஆபத்தானது. படுக்கைப் புண், நிமோனியா, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுவது என எல்லாமே அதிலிருந்து வந்தவை.

மாற்றம் பாரிஸில் தொடங்கியது. ராபர்ட் ஜூடே, ஜான் ஜூடே, எமில் லெத்தூர்னெல் மூவரும் 1964இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் அடித்தளம். கிண்ணத்தைத் தனிக் குழியாகப் பார்க்காமல், தலைகீழாகக் கவிழ்ந்த இருகவட்டுக் கொம்பின் கவட்டில் அமர்ந்ததாக லெத்தூர்னெல் கண்டார். கவட்டின் ஒரு கிளை முன்தூண், மற்றது பின்தூண். முறிவுகளை எளியவை ஐந்து, கூட்டு முறிவுகள் ஐந்து எனப் பத்தாகப் பகுத்தார்கள். ஸ்கேன் இல்லாத காலம் அது. நோயாளியை இருபுறமும் 45 பாகை சாய்த்து எக்ஸ்ரே எடுத்து, படத்தில் எந்தக் கோடு அறுந்திருக்கிறது என்று பார்த்தே முறிவின் வடிவத்தை மனத்தில் கட்டியெழுப்பினார்கள். சி.டி. ஸ்கேன் வந்த பிறகும் அப்பகுப்பு நிலைத்தது வியப்புக்குரியது. அடிவயிற்றின் முன்புறம் வழியாகக் கிண்ணத்தை அடையும் பாதையையும் லெத்தூர்னெல் வகுத்தார். மூன்று வாரம் கடந்துவிட்டால் துண்டுகளை இழுத்துப் பொருத்துவது மிகக் கடினம் என்பதும் அவர் வலியுறுத்தியதே. அவரது நூல் 1974இல் பிரெஞ்சிலும் 1981இல் ஆங்கிலத்திலும் வந்தது. அமெரிக்காவில் ஜோயல் மாட்டா இம்முறையைப் பரப்பினார். துண்டுகளுக்கிடையே எஞ்சும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் பொருத்தம் முழுமையானது என்று அவர் அளவுகோல் வகுத்தார்.

இத்தனையும் பெரும்பாலும் உறுதியான எலும்புக்கு உருவானவை. மெலிந்த எலும்பில் திருகாணி பிடிக்காது என்ற தயக்கத்தால் முதியவர்கள் நெடுங்காலம் படுக்கையிலேயே விடப்பட்டார்கள். உடைந்த துண்டுகள் தொடைத்தலையைச் சுற்றித் தாமே ஒழுங்காகச் சேர்வதுண்டு என்று லெத்தூர்னெல் குறித்ததும் இதற்கு ஆதரவாகக் காட்டப்பட்டது. 2003இல் ஆங்லென் என்ற மருத்துவரும் உடனாய்வாளர்களும், எக்ஸ்ரேயில் கிண்ணத்தின் கூரை கடற்பறவையின் சிறகுபோல் வளைந்து தெரிந்தால் தகடு வைத்துப் பொருத்துவது தோற்கும் வாய்ப்பு அதிகம் என்று எச்சரித்தார்கள். 2010இல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வில், 60 வயதைக் கடந்தோரிடம் இம்முறிவு, ஆய்வுக் காலத்தின் முற்பாதியைவிடப் பிற்பாதியில் 2.4 மடங்காகியிருந்தது. இதனிடையே தகடு வைத்து, அதே அறுவையில் செயற்கை மூட்டும் பொருத்தும் முறை கவனம் பெற்றது. ஓரிரு நாளில் நடக்க வைக்கலாம் என்பது அதன் வலிமை. அறுவை பெரிது, இரத்த இழப்பு மிகுதி என்பது எதிர்வாதம். யாருக்கு எது ஏற்றது என்பது இன்னும் முடிவாகவில்லை.

மீண்டும் கொங்கு வட்டாரத்துக்கு வந்தால், கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி 1966இல் தொடங்கியது. 1978இல் நிறுவப்பட்ட கங்கா மருத்துவமனை எலும்பு முறிவுச் சிகிச்சையில் நாடறிந்ததாயிற்று. அதன் பெயரால் வழங்கும், திறந்த காயங்களை மதிப்பிடும் அளவுகோல் உலகப் பயன்பாட்டில் உள்ளது. இம்மருத்துவமனை இருக்கும் மேட்டுப்பாளையம் சாலையிலேயே வடக்கே பெரியநாயக்கன்பாளையம் உள்ளது. அங்கே விழுந்த முதியவரைக் கோவைக்குக் கொண்டுசெல்ல இன்று சாலையும், 2008 முதல் 108 ஊர்தியும் உண்டு. ஆயினும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சுளுக்கு எண்ணெய் தடவிப் படுக்க வைப்பதில் மூன்று வாரக் கெடுவின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது.

தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் (2021) சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. வீட்டுக்குள் விழுவோர் அதில் அடங்கார். அதே ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியே வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை, மூட்டு அறுவைக்குப் பின் வீடு திரும்பும் முதியோருக்கும் பயன்படக்கூடியது.