செவியும் எழுத்தும்: முதியோர் அறிதிறன் சோதனையில் கணினி புகுந்த வரலாறு

முன்னுரை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த ஊர் கணியம்பாடி. முதுமை மறதிநோய் ஆய்வின் உலக வரலாற்றில் இவ்வூரைச் சார்ந்த வட்டாரத்திற்கு ஓர் இடம் உண்டு. மறதிநோயாளருள் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆயினும் ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதன்று. இக்குறையைத் தன் பெயராகவே கொண்ட 10/66 ஆய்வுக்குழு 1998இல் கொச்சியில் தோன்றியது. சென்னை நகரும் வேலூரை அடுத்த சிற்றூர்களும் அதன் தமிழகக் களங்களாயின.

தீர்ப்புக் கணினியிடம், கேள்வி செவியிடம்

இக்களங்களில் கணினி புகுந்த வழி கவனிக்கத்தக்கது. லிவர்பூலில் ஜான் கோப்லண்ட் குழுவினர் உருவாக்கிய நேர்காணல் முறையில், விடைகளை வகைப்படுத்தி நோயை அறிவிக்கும் பணி ‘ஏஜ்கேட்’ என்னும் கணினி நிரலுக்கு உரியது. 10/66 குழுவின் நோயறிதலும் இதனையும் பிற சோதனை மதிப்பெண்களையும் இணைத்த ஒரு கணக்கீடே. அதாவது, சிற்றூர் முதியவரிடம் கணினி முதலில் வந்தது தீர்ப்புரைக்கவே, வினவுவதற்கு அன்று. வினவியது மனிதக் குரல். பத்துச் சொற்கள் உரக்கப் படிக்கப்படும். முதியவர் நினைவிலிருந்து திருப்பிச் சொல்வார்.

எழுத்தறியாதார் மிகுந்த களத்தில் வாய்மொழி வினா நியாயமான தேர்வே. 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த முடிவுகள், அளவுகோல் மாறினால் நோயின் அளவே மாறும் என்பதைக் காட்டின. அமெரிக்க டி.எஸ்.எம்.-4 வரையறைப்படி இந்தியச் சிற்றூர்க் களத்தில் மறதிநோய் 0.3 விழுக்காடு மட்டுமே. 10/66 முறைப்படியோ, எல்லா நாட்டுக் களங்களிலும் 5.6 முதல் 11.7 விழுக்காடு வரை இருந்தது.

முதுமைச் செவிக்குறை உயர் அதிர்வெண் ஒலிகளையே முதலில் பறிக்கிறது. உயிரொலி கேட்கும், மெய்யொலி மங்கும். ‘பல்’ என்பது ‘கல்’ என விழும். இங்குப் பிழைத்தது நினைவன்று, சொல் சென்றடையாமை. மதிப்பெண் தாளில் இவ்விரண்டும் ஒன்றே. தமிழ்ச் செவியை அளக்கும் முயற்சி இதற்கு வெகு முன்பே தொடங்கியிருந்தது: ஒலிச்சமநிலை கொண்ட தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று 1976இலேயே மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வேடாக உருவானது. செவியியலாரின் சொற்பட்டியலும் உளமருத்துவரின் சொற்பட்டியலும் தத்தம் வழியில் சென்றன.

இரு திருத்தங்கள்

1975இல் ஃபோல்ஸ்டீன் குழுவினர் வெளியிட்ட சிறு மனநிலைச் சோதனை கல்வியை முன்கருதியது. 1995இல் வெளியான இந்தி வடிவம், பல்லப்கர் சிற்றூர் முதியோருக்காக அதனைத் திருத்தியது. ‘கண்களை மூடு’ என்னும் எழுத்துக் கட்டளைக்கு மாற்றாக, சோதிப்பவர் தம் முகத்தைப் பார்த்து அவ்வாறே செய்யுமாறு கூறிக் கண்மூடிக் காட்டினார். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றிச் சொல்லச் செய்தனர்.

மேலைநாட்டுத் திருத்தம் எதிர்த்திசையில் சென்றது. டொராண்டோவில் 2017இல் வெளியிடப்பட்ட, செவித்திறன் குறைந்தோருக்கான மான்ட்ரியால் சோதனை வடிவம், அறிவுறுத்தல்களை நேரம் வரையறுத்த கணினிப் படவில்லைகளாகத் திரையில் காட்டியது. 2023இல் வெளியான மற்றொரு வடிவமும் பேச்சை எழுத்தாகவும் படமாகவும் மாற்றியது.

முன்னது எழுத்தை நீக்கிச் செவியை நம்பியது. பின்னது செவியை நீக்கி எழுத்தை நம்பியது. ஒவ்வொன்றும் தன் களத்தில் செம்மையானதே. அண்ணாமலையின் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஓர் ஊரில், பள்ளி செல்லாத, காதும் மந்தமான எண்பது அகவை மூதாட்டியை நிறுத்திப் பார்த்தால் இரண்டுமே அவருக்கு முழுமையாக உதவா. 2017இல் ‘லான்செட்’ ஆணையம் செவிக்குறையை மறதிநோயின் தடுக்கத்தக்க காரணிகளுள் ஒன்றாக அறிவித்தது. அவ்வகையில், அளக்கப்பட வேண்டியவரே அளவுகோலுக்கு வெளியே நிற்கிறார்.

தமிழ் வடிவத்தின் தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிதிறன் சோதனைத் தொகுப்பு முதற்கட்டத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் செப்பம் பெற்றது. தமிழ் அதில் இல்லை. பின்தங்கியதில் ஒரு வாய்ப்பும் உண்டு. தமிழில் இனிச் செய்யப்படும் கணினிச் சோதனை, முதலில் செவியை அளந்து ஒலியளவை அதற்கேற்ப அமைக்கலாம். சொல்லுடன் படத்தையும் காட்டலாம். விடையைத் தொட்டுக்காட்டச் செய்யலாம். தொடுதிரையில் விரல் பழகாமையும் மறதியாக எண்ணப்படாதிருக்க, மதிப்பெண்ணில் சேராத பயிற்சிச் சுற்று ஒன்று வேண்டும். வினாக்களும் இடமறிந்தவையாதல் வேண்டும்: ஆங்கிலத் தேதி தெரியாத அடி அண்ணாமலை மூதாட்டிக்கு, பௌர்ணமி கழிந்து எத்தனை நாள் என்பது தெரியாமற்போகாது, கிரிவலக் கூட்டம் அவர் ஊர் வழியாகவே செல்கிறது. பல்லப்கரில் சோதிப்பவர் கண்மூடிக் காட்டிய செய்கைக்கு எழுத்தும் வேண்டியதில்லை, கூரிய செவியும் வேண்டியதில்லை. அதனைத் திரையில் ஓர் அசைபடமாக்குவது இன்றைய கணினிக்கு அரிய செயலன்று.