பனிப்பாலையில் பதிந்த பாதங்கள்

பாலைவனம் என்றதும் மணற்கடலும் ஒட்டகக் கூட்டமுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால் உலகிலுள்ள பாலைகளுள் மிகப் பெரியது வெண்மை நிறமுடையது. தென் துருவத்தைச் சூழ்ந்து கிடக்கும் அண்டார்க்டிகாவே அது. அங்கு வானிலிருந்து விழும் ஈரம் மிகச் சொற்பமாதலின் அதனைப் பாலை என்றே நிலநூலார் வகுத்துள்ளனர். பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கி.மீ.; நம் நாட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அதில் நூற்றுக்கு 98 பங்கு பனியால் மூடுண்டு கிடக்கிறது. 1983 ஜூலை 21 அன்று அங்குள்ள வஸ்தோக் ஆய்வு நிலையத்தில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 89.2 பாகை செல்சியஸ் காட்டியது. பூமியின் மீது அதுவரை அளந்தறியப்பட்ட குளிர்களில் அதுவே கடுமையானது.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில், கோவாவிலிருந்து அக்கண்டத்தை நோக்கிப் புறப்பட்ட கப்பலில் இரு இந்தியப் பெண்மணிகள் இருந்தனர். ஒருவர் கல்கத்தாவைச் சேர்ந்த நிலநூல் அறிஞர் சுதீப்தா சென்குப்தா. மற்றவர் நாகபுரியில் பிறந்த கடல்நூல் அறிஞர் அதிதி பந்த். அண்டார்க்டிகாவில் கால் பதித்த முதல் இந்தியப் பெண் ஆய்வாளர்கள் இவர்களே.

இப்பயணத்தின் முன்வரலாற்றில் நம் சமுதாயம் பெருமையுடன் நினைக்கத்தக்க பெயர் ஒன்று உண்டு. 1981 டிசம்பரில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அப்பனிநிலத்தை அடைந்த முதல் இந்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர், அலகாபாத்தில் பிறந்து அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற டாக்டர் சையது ஜகூர் காசிம் அவர்கள். பின்னர் ஜாமியா மில்லியாவின் துணைவேந்தராகவும் விளங்கி, 2015இல் மறைந்தவர். அவரது குழுவில் 21 பேர். பெண் ஒருவரும் இல்லை. இரண்டாம் குழுவிலும் இல்லை. டாக்டர் ஹர்ஷ் குப்தா தலைமையில், எண்பதுக்கும் மேற்பட்டோர் சென்ற மூன்றாம் குழுவில்தான் அக்கதவு திறந்தது. அப்போது இப்பயணங்களை நடத்திய மத்திய அரசின் கடல் வளர்ச்சித் துறைக்குச் செயலாளராக இருந்தவர் காசிம் அவர்களே.

நம் நாடு இதில் பின்தங்கியதா? இல்லை. அமெரிக்கா 1969இல்தான் தன் பெண் ஆய்வாளரை அங்கு அனுப்பத் தொடங்கியது. அண்டார்க்டிகா ஆராய்ச்சியில் பழம்பெருமை பேசும் பிரிட்டனோ, 1983ஆம் ஆண்டு வரை தன் அண்டார்க்டிகா ஆய்வுக் கழகத்தின் களப்பணிக்குப் பெண்களை அனுப்பவில்லை. பெண்கள் தங்குவதற்கு வசதியில்லை என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த காரணம். பெண்ணைத் தடுக்கும்போது எல்லா நாடுகளும் ஒரே காரணத்தையே கண்டுபிடிக்கின்றன போலும்!

சுதீப்தா அம்மையார் ஒரே நாளில் அக்கப்பலில் ஏறிவிடவில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் நிலநூல் பயின்று, 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். இந்திய நிலநூல் ஆய்வுத் துறையில் பணியாற்றினார். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும், சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்திலும் மேலாய்வு செய்தார். தாயகம் திரும்பி, ஜாதவ்பூரிலேயே ஆசிரியப் பணி ஏற்றார். இவற்றோடு மலையேற்றமும் கற்றார். டார்ஜிலிங்கில் அவருக்குப் பயிற்சியளித்தவர்களுள் எவரெஸ்ட் வீரர் டென்சிங் நார்கேயும் ஒருவர். மூன்றாம் குழுவுக்கு ஆள் தேடப்பட்டபோது, பாறையைப் படிக்கவும் பனியில் நடக்கவும் தெரிந்தவராக அவர் ஆயத்தமாக இருந்தார். வாய்ப்பு வந்த பின்னர் கற்கத் தொடங்கியிருந்தால் கப்பல் காத்திருக்குமா?

அண்டார்க்டிகாவின் கோடையில் சூரியன் மறைவதில்லை. எனினும் பனிப்புயல் எழுந்தால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரும் கண்ணுக்குத் தெரியார். ஆணாயினும் பெண்ணாயினும் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டுதான் அங்கு நடமாட இயலும். அக்கோடையில் நம் படைவீரர்கள் 'தட்சிண கங்கோத்ரி' என்னும் இந்தியாவின் முதல் நிலையத்தை எழுப்பினர். அதே காலத்தில் அம்மையார் ஷிர்மாக்கர் குன்றுகளை ஆராய்ந்தார். ஏறத்தாழ 18 கி.மீ. நீளமும் 3 கி.மீ. அகலமுமாகப் பனிக்கு வெளியே தலைகாட்டி நிற்கும் பாறை நிலம் அது. நன்னீர் ஏரிகள் நிறைந்தது. சுத்தியலும் திசைகாட்டியுமாக அக்குன்றுகளில் ஏறி இறங்கி, பாறைகளின் மடிப்புகளை அளந்தார். அவை ஒரே தடவையில் மடிந்தவை அல்ல. பூமியின் ஆழத்தில் வெம்மையாலும் அழுத்தத்தாலும் அடுத்தடுத்துப் பலமுறை நெளிந்து உருமாறியவை என்று எடுத்துக்காட்டினார்.

எங்கோ கிடக்கும் கல்லின் மடிப்பால் நமக்கென்ன என்று கேட்கலாம். சோமனூரிலும் சூலூரிலும் கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள். சில அடி மண்ணுக்குக் கீழே, கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாய் ஓடும் கடும்பாறை எழும். நிலநூலார் அதனை 'நைஸ்' என்பர். நீலகிரியில் கருநிறமாய் நிற்கும் பாறை 'சார்னக்கைட்' எனப்படும். அப்பெயரே கல்கத்தாவிலுள்ள ஒரு கல்லறையிலிருந்து வந்தது. ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல் கொண்டுசெல்லப்பட்டது. அதனை ஆராய்ந்த ஹாலண்ட் என்பவர் அவர் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். ஷிர்மாக்கர் குன்றுகளில் கிடப்பவையும் இவற்றுக்கு உறவான பாறைகளே. தென்னிந்தியாவும் இலங்கையும் கிழக்கு அண்டார்க்டிகாவும் ஒருகாலத்தில் 'கோண்ட்வானா' என்னும் ஒரே பெருங்கண்டமாக இணைந்திருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பிரிந்தன. ஆகவே கல்கத்தாவிலிருந்து போன அந்த அம்மையார் துருவத்தில் படித்தது, நம் கொங்கு மண்ணின் பழைய அண்டை வீட்டு வரலாற்றை எனலாம்.

அதிதி பந்த் அவர்கள் புணேயில் பட்டம் பெற்று, ஹவாயிலும் லண்டனிலும் மேற்கல்வி முடித்து, கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிலையத்தில் பணிபுரிந்தவர். தென்கடலின் நுண்ணுயிர்களை அவர் ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு பாசிகளை உண்டுதான் சிறு கூனிகள் வாழ்கின்றன. கூனிகளை உண்டு மலைபோன்ற திமிங்கிலங்கள் வாழ்கின்றன. படைத்தவனின் வல்லமைதான் என்னே!

சுதீப்தா அம்மையார் 1989இல் மீண்டும் அண்டார்க்டிகா சென்றார். தம் அனுபவங்களைத் தாய்மொழியாகிய வங்காளத்தில் நூலாக எழுதினார். 1991இல் அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவர்கள் திறந்த வழியில் பலர் சென்றனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மங்களா மணி அவர்கள், தம் 56ஆம் வயதில் 'பாரதி' நிலையத்துக்குச் சென்று, 2016-17இல் 403 நாட்கள் தங்கிப் பணி செய்தார். அக்குழுவில் அவர் ஒருவரே பெண்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சோமனூரிலிருந்து கோவைக்குப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளை, அந்த ஒரு மணி நேரத்தைக் காரணம் காட்டி நிறுத்திவிடும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. தறி ஓட்டிக் கூலிக்கு நெய்யும் குடும்பங்களின் பணமுடையை நாம் அறியாதவர்கள் அல்லோம். பெற்றோரின் கவலையையும் எள்ளி நகையாடோம். மகளின் பாதுகாப்பை நாடுவது பெற்றோர் கடமை. ஆனால் பாதுகாப்பு வேறு, கல்வியை நிறுத்துவது வேறு. முன்னதற்கு வழி தேடவேண்டுமேயன்றிப் பின்னதைத் தீர்வாகக் கொள்ளலாகாது.

நம் மார்க்கத்தின் வரலாறும் இதனை உணர்த்துகிறது. புல் பூண்டற்ற பள்ளத்தாக்கில், பச்சிளங்குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களுடன் தனித்து நின்ற அன்னை ஹாஜரா அவர்கள், அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. தண்ணீர் தேடி ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். ஸம்ஸம் பொங்கியது; மக்கா நகரம் பிறந்தது. அவர்களின் அடிச்சுவட்டில் ஓடாமல் எந்த ஹாஜியின் ஹஜ்ஜும் நிறைவேறுவதில்லை. மன்னராயினும் மார்க்க அறிஞராயினும், ஒரு தாய் நடந்த வழியில் நடந்தே தீரவேண்டும். பெண்ணின் முயற்சியை இத்துணை உயரத்தில் வைத்த மார்க்கத்தின் பெயரால் அவள் படிப்புக்குத் தடை போடுவது பொருந்துமா?

எல்லாப் பெண்களும் துருவத்துக்குப் போகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சுதீப்தா அம்மையாரின் படிப்பு எந்தப் படியிலும் அறுந்துபோகவில்லை என்பதையே நினைவூட்டுகிறோம். ஊருக்கு ஊர் ஜமாஅத்தார் முன்வந்து, கல்லூரி செல்லும் பெண்களுக்கு வண்டி வசதியும், இயலாதவர்களுக்குக் கட்டண உதவியும் செய்து கொடுத்தால் பாதிக் கவலை தீரும். மீதியைப் பெற்றோரின் துணிவு தீர்க்கட்டும். வரும் கல்வியாண்டுக்குள் ஒரு மகளையேனும் இவ்வாறு கல்லூரிப் படியேற்றுவோமாக!